பலகையின் கடைசி இலக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அலுவலகத்தில் நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்க்கா" என்கிறாய். காகிதத்தில் அப்படி எழுத உனக்கே கை கூசும் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

இன்று காலை, நம் பழைய வீட்டை இடித்துத் தோண்டிய எதிர்ப் பள்ளத்துக்குப் பெயின்டர் வந்தார். வேலை தொடங்கிவிட்டதாக்கும் என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அவர் ஏணியை வேலியில் சாய்த்தார். "நாற்பத்திரண்டு மாடிகள், நிறைவு டிசம்பர்" என்று பலகையில் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் உள்ள வருஷத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் வெள்ளையடித்து, அதன்மேல் புதிதாக எழுதினார். முன்பு மூன்று ஐந்தாகியது, ஐந்து ஏழாகியது, இன்று ஏழு ஒன்பதாகிவிட்டது. எழுதி முடித்துத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்தார். அந்த இடத்தில் ஐந்து வருஷமாக ஒழுங்காக நடக்கிற ஒரே வேலை அவருடையதுதான்.

அம்மாவின் பழைய வீட்டை இடிக்கக் கொடுத்து நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அன்று, பத்தொன்பதாவது மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வீடு, நடுச்சுவரில் ஒரு கதவு என்று நீதான் படம் போட்டுக் காட்டினாய். "முப்பது மாசம்க்கா. என் தொழிலே இதுதானே, கணக்குப் போட்டுட்டேன்" என்றாய். அதை நம்பித்தான் இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்தேன். ஐம்பத்துநாலு படி, லிப்ட் கிடையாது. துணிமூட்டையோடு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் உன் முப்பது மாதத்தை நினைத்துக்கொள்கிறேன்.

ஒருவருடைய பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு அடித்து வியாழக்கிழமை தருகிறேன் என்றால் நான் வியாழக்கிழமை தருகிறேன். தையல்காரி என்றாலே இழுத்தடிப்பாள் என்று ஊரெல்லாம் பேச்சு. என்னை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. நாற்பத்திரண்டு மாடி கட்டுகிறவர்களுக்கு மட்டும் வியாழக்கிழமையே கிடையாதா?

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறார். நகர நடுவில் இப்போது நாலு பள்ளம். பழைய தியேட்டர் இடம், பஸ் டிப்போ இடம், வங்கிக்குப் பின்னால் ஒன்று, நம்முடையது. பள்ளத்துக்கு ஒரு கட்டமாக நாலு கட்டம். கடைக்கு வருகிறவர்கள் எது எப்போது முடியும் என்று தேதி எழுதிக் கையெழுத்துப் போடலாம். பந்தயம் ஒன்றும் இல்லை. சரியாகச் சொன்னவர் பெயர் நிற்கும், அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் அந்தத் தாளுக்கு முன்னால் கும்பல்.

நீ கட்டடங்களுக்கு அட்டவணை போடுகிறவன். எந்த வேலை எதற்கு முன்னால், எது எந்த நாளில் முடியும் என்று சொல்லத்தான் உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கும் சொல். எப்போது முடியும்?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாற்காலி வந்துவிட்டது, தோள்வலிதான் போகவில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மூட்டையைக் கீழேயே யாரிடமாவது கொடுத்து ஏற்றச் சொல்லக்கூடாதா?

நீ கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு சட்டையை எடுத்துக்கொள். கழுத்துப்பட்டி தைக்காமல் பொத்தான் வைக்க முடியாது இல்லையா? அதைப் போலத்தான் கட்டடமும். தரைக்குக் கீழே உள்ள தளங்கள் முடிந்துவிட்டால் மேலே போவது வேகம். பத்து நாளுக்கு ஒரு மாடி ஏறும். மக்கள் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பள்ளம்தான் பாதி வேலை.

நான் அங்கே இல்லாததால் நீதான் என் கண்ணாக இருக்க வேண்டும். மூன்று விஷயம் பார்த்து எழுது. கிரேன் எத்தனை நிற்கிறது, அதில் ஆள் இருக்கிறாரா? கம்பிகளை மூடி வைத்திருக்கிறார்களா? தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடுகிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

எப்படியும் ஏப்ரலில் வருகிறேன். நேரில் பார்த்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம். ஒத்தடம் கொடுக்கிறேன். மூட்டையை ஏற்ற ஆள் தேடுவதற்குள் நானே ஏறிவிடலாம்.

நீ கேட்ட மூன்றையும் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கிரேன் ஒன்று நிற்கிறது. அதன் கை அசைகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு கவனித்தால் காற்று எந்தப் பக்கமோ கையும் அந்தப் பக்கம். மேலே ஆள் இல்லை. கம்பிகளை மூடவில்லை. வேலியோரக் கம்பிகளில் காவலாளி துணி காயப்போடுகிறார். நீலச் சட்டையில் அக்குள் தையல் விட்டிருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. பம்பு மட்டும் ஓடுகிறது. இரண்டு குழாய், இரவும் பகலும். அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய் அது கேட்டால்தான் எனக்குத் தையல் ஓடுகிறது.

உன் கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் வைத்துப் படித்தது என் தப்பு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் கடைக்காரர் அதை ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். உனக்கு இப்போது அங்கே "அட்டவணைத் தம்பி" என்று பெயர். பத்து நாளுக்கு ஒரு மாடி என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் தங்கள் தேதியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். லிப்ட் மெக்கானிக் மட்டும் அசையவில்லை. "லிப்ட் குழி அளக்க என்னை எப்ப கூப்பிடுறானோ, அதிலேருந்து ரெண்டு வருஷம். இன்னும் என் நம்பரே அவன்கிட்ட இல்லம்மா" என்கிறார். அவருடைய கட்டங்களில் எல்லாம் வெறும் கேள்விக்குறி.

கடைக்காரர் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். அட்டவணைத் தம்பி எப்போது வருவார் என்று. நாலு வருஷமாக நீ வருகிறாய் வருகிறாய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவரும் மறக்கவில்லை போலிருக்கிறது. எல்லோரும் எழுதினார்கள். நான் என் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். எனக்கு அந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது.

மூன்றையும் சொல்லிவிட்டேன். இனித் தேதியைச் சொல்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

பம்பு ஓடுகிறது என்பது நல்ல செய்தி. பம்பு ஓடும் வரை அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மற்ற இரண்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஆள் பற்றாக்குறை எல்லா ஊரிலும் உண்டு.

ஏப்ரலில் வர முடியாதுபோல் இருக்கிறது. ஒரு பெரிய கட்டடத்தை ஒப்படைக்கும் நேரம், என்னை விடமாட்டார்கள். ஜூனில் வருகிறேன்.

கோபப்படுவாய் என்று தெரியும். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. ஒரு வேலைக்குப் பின்னால் வேறு எந்த வேலையும் காத்திருக்கவில்லை என்றால், அதைத் தள்ளிப்போடலாம், மொத்தக் கட்டடத்துக்கும் நஷ்டம் வராது. அதற்குக் கையிருப்பு நாள் என்று சொல்வோம். உதாரணமாக, வாசலில் செடி வைப்பதை இரண்டு மாதம் தள்ளினாலும் யாருக்கும் பாதிப்பில்லை. அடித்தளத்தை இரண்டு நாள் தள்ளினாலும் எல்லாம் தள்ளிப்போகும். நல்ல அட்டவணைக்காரனுக்கு எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக்கூடாது என்று தெரியும். அந்த மாதிரிதான் என் பயணமும். ஏப்ரல் என்ன, ஜூன் என்ன?

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் என் கடிதத்தை எடுத்துவிடச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

உன் குளிர் விட்டதா? இங்கே ஜன்னலைத் திறந்துவைத்துத் தைக்கிற வெயில். முழங்கால் அப்படியே இருக்கிறது.

பம்பு நின்றுவிட்டது. ஏப்ரல் ஆறாம் தேதி காலை சட்டென்று ஒரு அமைதி. எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன். மறுநாள் ஒரு வண்டி வந்து பம்பை ஏற்றிக்கொண்டு போனது, குழாய்களையும் சுருட்டிக்கொண்டு. இப்போது பள்ளத்தில் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர். இரண்டு வாத்து வந்து குடியேறிவிட்டன. சொன்ன தேதிக்குக் குடிவந்தவர்கள் அவர்கள்தான்.

பெயின்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒன்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கொக்கி அடித்து, ஒன்பது என்று எழுதிய தகரத் துண்டைத் தொங்கவிட்டார். இனி ஏணி தேவையில்லை, கீழே இருந்தே கம்பால் மாற்றிவிடலாமாம். ஒன்பதுக்கு அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு ரெண்டு தகரம் வேணும்மா. கேட்டு எழுதியிருக்கேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம், நிதானமாகப் படி. கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. காத்திருக்க விருப்பமில்லாதவர்கள், நம் இரண்டு வீட்டு உரிமைக்கும் பதிலாக, ஊருக்கு வெளியே பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டி முடித்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தரைத்தளம், இரண்டு அறை. செப்டம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடையாது. உரிமைக்காரர்கள் இருவரும் நேரில் வந்தோ, வர முடியாதவர் அதிகாரப் பத்திரம் கொடுத்தோ கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கே போனால் பத்தொன்பதாவது மாடி போச்சு, நடுச்சுவர்க் கதவு போச்சு. இங்கேயே இருந்தால் ஐம்பத்துநாலு படி. இரண்டு வருஷத்தில் கட்டடம் முடியும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். பத்து வருஷம் என்றால் இப்போதே போய்விடுகிறேன். அதிகம் கேட்கவில்லை. ஒரே ஒரு எண்.

காத்திருக்கும்,
அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். நீ நலம்தானே?

கம்பெனிக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அவசரப்பட்டு முடிவு எடுக்க வேண்டாம். பம்பை எடுத்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒப்பந்தக்காரரை மாற்றியிருக்கலாம், வேறு வகைப் பம்பு வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் எட்டு மாதம் நின்று மறுபடி ஆரம்பித்தார்கள். ஆகையால் இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். செப்டம்பருக்குள் நானே வந்துவிடுவேன், பார்த்துச் சேர்ந்து முடிவு செய்வோம்.

நடுச்சுவர்க் கதவுக்கு நான் ஒரு சறுக்குக் கதவு பார்த்து வைத்திருக்கிறேன். திறந்தால் இடம் அடைக்காது. காலையில் நீ மிஷின் ஓட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஜூனில் வர முடியவில்லை. எழுத மறந்துவிட்டேன்.

உன் தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது. உண்மையில் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் ஒருவர் பேண்ட் கொடுத்து எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள். வியாழக்கிழமையிலிருந்து மழைக்காலத்துக்குள் என்று நான் சொன்னால் அவர் என்ன செய்வார்? பேண்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். எனக்கு நீ கொடுத்த பதில் அதுதான். வாங்கிக்கொண்டு போய்க் கேட்க எனக்கு வேறு தம்பி இல்லை.

செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றாவது படியில் கால் மடங்கிவிட்டது. மூட்டைதான் முதலில் விழுந்தது, அதன்மேல் நான். அதனால் அடி இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து தூக்கிவிட்டு, "இதுக்குத்தான் தம்பிகிட்ட கேக்கச் சொன்னேன்" என்றார். கேட்டேன், பதில் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

பழைய வீட்டில் நீ பரீட்சை மார்க் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிற நாளில், வாசலிலேயே என்னிடம் வேறு என்னென்னவோ கதை பேசுவாய். சறுக்குக் கதவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

ஒரு எண். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

ஆகஸ்ட் 5

அக்கா,

முழங்கால் வீக்கம் இருக்கிறதா? டாக்டரிடம் காட்டினாயா? முதலில் அதை எழுது.

எண் சொல்கிறேன். அது கட்டப்படாது. எத்தனை வருஷம் என்று கேட்டாயே, வருஷக் கணக்கே இல்லை. பள்ளத்திலிருந்து பம்பை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. தண்ணீர் நின்றால் சுற்றுச்சுவர் பாழாகும், கம்பி பாழாகும், மறுபடி முதலிலிருந்துதான் தோண்ட வேண்டும். தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பான். உன் ஏப்ரல் கடிதத்தைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று மாதமும் நீ படி ஏறியிருக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த முப்பது மாதம். அன்றைக்கு நான் கணக்குப் போட்டது உண்மைதான். என் அட்டவணையில் முதல் தடவை நிலத்தடித் தண்ணீருக்கு என்று ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்தால் ஐம்பத்தெட்டு மாதம் வந்தது. ஐம்பத்தெட்டு என்றால் நீ கையெழுத்துப் போடமாட்டாய். எனக்கு அந்தப் பத்தொன்பதாவது மாடி வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் அங்கே வந்து சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். முப்பது வந்தது. ஒரு வரிதானே என்று நினைத்தேன்.

தேதிகள் இப்படித்தான் உண்டாகின்றன, அக்கா. எதிரே இருப்பவர் எதைத் தாங்குவார் என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி வரிகளை எடுத்துவிடுவோம். அந்தப் பெயின்டர் எங்களைவிட நேர்மையானவர். அவர் எழுதுவதை வெளியே நின்று எழுதுகிறார்.

வெளியூர் வீட்டை எடுத்துக்கொள். அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். விடுப்பு கிடைக்கவில்லை.

தம்பி

செப்டம்பர் 12

தம்பிக்கு,

டாக்டரிடம் காட்டினேன். வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறாதீர்கள் என்றார். மூன்று வாரமாக ஏறவில்லை.

உன் பத்திரம் ஒன்பதே நாளில் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் நீ சொன்ன காலத்துக்கு முன்னால் அனுப்பிய ஒரே பொருள், நீ வராமல் இருப்பதற்கான காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையெழுத்து முடிந்தது. வீடு மாறிவிட்டேன். விலாசம் பின்பக்கம்.

தண்ணீரைப் பற்றி எழுதினாய். பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், வெயில் காலத்திலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்குமே, அதில் உனக்கு மட்டுமா கால் நனைந்தது? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷம் நானும் நடந்திருக்கிறேன். அங்கே தோண்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? நீ முப்பது என்றபோது, தண்ணீரைச் சேர்த்தாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நீ பக்கத்து வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த வரியை எடுத்ததில் என் கையும் உண்டு. ஆகவே அதற்காக இனி விசனப்படாதே. அதோடு அது முடிந்தது.

எனக்கு ஆறாதது வேறு ஒன்று. எதற்குப் பின்னால் எதுவும் காத்திருக்கவில்லையோ அதைத் தள்ளிப்போடலாம் என்று எழுதினாயே, செடி வைக்கிற மாதிரி என்று. உன் அட்டவணையில் உன் அக்கா வீட்டுப் பயணத்துக்குப் பின்னால் எதுவும் காத்திருக்கவில்லை என்று போட்டிருந்தாய். யாரைக் கேட்டுப் போட்டாய்?

சரி, விடு. இந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வாசலில் ஒரே ஒரு படி. பஸ் டிரைவர்களுக்குச் சீருடை பேண்ட் மடிப்பு அடிக்கிற வேலை, நான் வந்த இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை மட்டும் பஸ் பிடித்துப் பழைய தெருவுக்குப் போய், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பழைய வாடிக்கைத் துணிகளைக் கொடுத்து வாங்குகிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். பள்ளம் செத்துப்போனதைக் கடையில் சொன்னேன். மறுநாள் நம் கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு "எப்போது மூடுவார்கள்" என்று எழுதி, மறுபடி தேதி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது அறையில் மிஷினைப் போட்டிருக்கிறேன். வெளிச்சம் அங்கேதான். மேஜைக்குச் சக்கரம் உண்டு. நகர்த்த வேண்டி வந்தால் நகர்த்தலாம்.

அக்கா

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படி ஏறாமல் இருக்கிறாய் என்பதைப் படித்தபோது வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. நான் நலம்.

யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கேட்டாய். நான் யாரையும் கேட்காமல்தான் போட்டேன்.

ஜனவரி பதினேழாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இது நிச்சயம்.

தம்பி

நவம்பர் 3

தம்பிக்கு,

சுகம்.

தேதி சொல்லாதே. என்னால் இன்னொரு தேதியைத் தாங்க முடியாது. வரும்போது வா.

அக்கா

வியாழக்கிழமை, மாலை நாலரை

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. உன் மிஷின் மேல் ஊசிப்பெட்டியை வைத்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகிறேன். கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நலமா என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். விடுப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று எழுதலாம். எழுதினால் அது பொய்.

நேராக இங்கே வராமல் முதலில் பள்ளத்தைப் பார்க்கப் போனேன். வாத்து இப்போது ஏழு. எட்டு நிமிடம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "அந்த மூக்கு தையக்காரம்மா மூக்கு. நீங்க அட்டவணைத் தம்பிதானே?" என்றார். நீ கிளம்பிக் கால் மணி நேரம் ஆகிவிட்டதாம். மருந்து வாங்கிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி பக்கம் ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாய் என்றார்.

சுவரில் தாளைக் காட்டினார். ஐந்தாவது கட்டத்தில் எல்லோர் தேதியும் இருந்தது. லிப்ட் மெக்கானிக் மட்டும் "வரமாட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உன் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஏப்ரல் என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே ஜூன், அதுவும் அடித்திருந்தது. அதன் கீழே செப்டம்பர். கடைசியாக ஜனவரி பதினேழு, அடிக்காமல். எல்லாம் உன் கையெழுத்து. என் கடிதத்தில் தேதி மாறும்போதெல்லாம் நீ வந்து மாற்றி எழுதுவாயாம். "தம்பி கேட்டா காலியா விட்டதாச் சொல்லுங்கன்னு எங்ககிட்ட சொல்லி வச்சிருக்காங்க" என்றார் கடைக்காரர். நான் சொன்னதை நம்பி ஒரு ஆள் தேதி எழுதியதை என் வாழ்நாளில் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். பேனா கேட்டு, ஜனவரி பதினேழை நானே அடித்தேன். பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினேன். மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், தோற்றவருக்கு அதுதான் அங்கே மரியாதை.

நர்ஸம்மாவும் மூக்கைப் பார்த்துத்தான் சாவி கொடுத்தார். மேஜையை ஜன்னலோரமாக நகர்த்தியிருக்கிறேன், வெளிச்சம் குறையாது. என் பெட்டி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. நாலு மணிக்கு ஒரு பஸ் டிரைவர் வந்து பேண்ட் ஆயிற்றா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் கட்டில்மேல் மடித்து வைத்திருந்த பேண்ட்டையும், அதில் 'வியாழன்' என்று நீ குத்தியிருந்த சீட்டையும் பார்த்தேன். எடுத்துக்கொண்டு நிறுத்தம் வரை ஓடினேன். பஸ் போய்விட்டது.

வந்ததும் திட்டு. இங்கேதான் இருப்பேன்.

தம்பி